குடத்துக்குள் போகாத ஓலைகள்

எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஏரியை வைத்து அடையாளம் சொல்லும் ஊர். இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு தடவையாவது உத்திரமேரூருக்குக் கூட்டிப்போய்க் கல்வெட்டைக் காட்டாமல் விடமாட்டார்கள். நானும் போயிருக்கிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்தில் தேர்தல் நடந்திருக்கிறது என்று ஆசிரியர் சொன்னபோது எங்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. பிற்பாடு கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்து, அந்தத் துறையின் சங்கங்களையும் மாநாடுகளையும் ஓரமாக நின்று பார்த்த பிறகு, அந்தக் கல்வெட்டை மறுபடி படித்தேன். இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாம் இப்படித்தான் அமைந்தன. ஓலையில் பெயர் ஏற என்ன தகுதி வேண்டும்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது. அதற்கு முந்தின கல்வெட்டில் 30க்கும் 60க்கும் இடையில் என்று இருந்தது. இரண்டே ஆண்டில் வயதைக் கூட்டிவிட்டார்கள். பொறுப்பில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டு நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய உறவினருக்கும் இடமில்லை.

பெண்கள் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லை. நிலமும் வேதமும் யாரிடம் இருந்தன என்பதே அந்த வேலையைச் செய்துவிட்டது. நிலமில்லாதவர்களும் பிராமணரல்லாதவர்களும் சேர்ந்தேதான் வெளியே நின்றார்கள். ஆனால் கல்வெட்டில் பெண்கள் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கணக்குக் காட்டாதவரின் உறவினர் யார் யார் என்ற நீண்ட பட்டியலில் வருகிறார்கள்: சிற்றன்னை, பெரியம்மா ஆகியோரின் மகன்கள், அத்தை மகன், அம்மாவோடு பிறந்தவன், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளைக் கட்டியவன், மகளைக் கட்டியவன். ஓர் ஆணை இன்னோர் ஆணோடு சேர்க்கும் கயிறாக மட்டும் அம்மாவும் அக்காவும் மகளும் சுவரில் இருக்கிறார்கள்.

ஒரு சங்கத்தின் தலைமை வரலாற்றை எழுத உட்காரும்போது நாம் வழக்கமாக யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கிறோம். உத்திரமேரூர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதற்கு முந்தின கேள்வியை. யாருடைய பெயர் ஓலையில் எழுதப்பட்டது?

இந்தியாவில் நுண்ணுயிரியலாளர்களுக்குப் பெரிய சங்கங்கள் இரண்டு. 1938இல் தொடங்கிய இந்திய நுண்ணுயிரியலாளர் சங்கம் ஒன்று. மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை ஆய்வகம் சார்ந்தவர்களுக்காக 1976இல் தொடங்கிய இந்திய மருத்துவ நுண்ணுயிரியலாளர் சங்கம் இன்னொன்று. இரண்டாவதற்கு மாநிலக் கிளைகள் உண்டு, தமிழ்நாட்டில் எம்.டி. படிக்கும் மாணவிகள் முதன்முதலில் மேடையேறி ஆய்வுக் கட்டுரை வாசிப்பது பெரும்பாலும் கிளை மாநாட்டில்தான். தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு, ஆண்டு மாநாடு, நினைவுச் சொற்பொழிவு, சிறந்த கட்டுரைக்குப் பரிசு என்று எல்லாத் தொழில்முறைச் சங்கங்களுக்கும் உள்ள கட்டுமானம் இங்கும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் மாலையும் பொன்னாடையுமாகத் தெரியலாம். உள்ளே இருப்பவர்களுக்கு இதுதான் வேலை வாழ்க்கை. யாரைத் தேர்வாளராக அழைப்பார்கள், யாருடைய பெயர் நிபுணர் குழுவுக்குப் போகும், எந்த மாணவிக்கு எந்த ஆய்வகத்தில் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் மாநாட்டு மதியச் சாப்பாட்டில் முடிவாகிற விஷயங்கள்.

இந்தச் சங்கங்களின் விதிகளிலும் பெண் கூடாது என்று எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் தலைவராக அறியப்பட வேண்டுமானால், வருஷா வருஷம் வேறு வேறு ஊர் மாநாட்டுக்குப் போயிருக்க வேண்டும். துறைத்தலைவர் விடுப்புத் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை செயற்குழு முடிந்து இரவு ரயிலில் திரும்பும்வரை வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். கால் வேலி நிலம் மாதிரிதான் இவையும்.

இத்தனைக்கும் நுண்ணுயிரியல் பெண்கள் நிறைந்த துறை. நான் படித்த வகுப்பில் பையன்களை விரல்விட்டு எண்ணலாம். மருத்துவத்தில் மேற்படிப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, "குடும்பத்துக்குத் தோதான" பிரிவு என்று பெண்களுக்கு எடுத்துக்கொடுக்கப்படுபவற்றில் இதுவும் ஒன்று. நள்ளிரவில் அறுவை அரங்குக்கு ஓட வேண்டாம்; தனியார் பிராக்டிஸ் இல்லை என்பதால் பணத்தைக் குறிவைக்கிறவர்கள் அதிகம் வருவதில்லை. இதைப் பெண்களின் "விருப்பம்" என்று சொல்வார்கள். மீதமிருந்ததை எடுத்துக்கொள்வதற்கு விருப்பம் என்று பெயர் வைப்பது நம் வீடுகளில் சாப்பாட்டு வேளையில் தினமும் நடப்பதுதான்.

வெளிநாட்டில் நிலைமை வேறாக இருந்ததா என்று பார்த்தால், அங்கும் ஓலை சுலபமாக எழுதப்படவில்லை. அமெரிக்க பாக்டீரியாவியலாளர் சங்கம் 1899இல் தொடங்கியது. அதன் முதல் பெண் தலைவர் ஆலிஸ் எவன்ஸ், 1928இல் வந்தார். பால் பண்ணைத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். முனைவர் பட்டம் இல்லாதவர். மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமியும் மனிதர்களுக்கு விட்டுவிட்டு வரும் மால்ட்டா காய்ச்சலை உண்டாக்கும் கிருமியும் நெருங்கிய சொந்தம், ஆகவே பச்சைப் பால் ஆபத்து என்று 1917இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னார். பாலைக் காய்ச்சாமல் குடிக்காத நம் பாட்டிமாருக்கு இது செய்தியே இல்லை. ஆனால் அங்கே பெரிய பெயர்கள் நம்ப மறுத்தன. உண்மையாக இருந்தால் இதற்கு முன்பே வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்களே என்பது ஒரு வாதம். 1922இல் அதே கிருமி அவருக்கே ஆய்வகத்தில் தொற்றியது. காய்ச்சலும் சோர்வும் வருஷக்கணக்கில் வந்து வந்து போயின. மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயர் நரம்புத் தளர்ச்சி. தன் நோயைத் தானே கண்டுபிடித்த பெண்ணிடம் எல்லாம் உன் மனசில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்! மற்ற நாடுகளின் ஆய்வுகளும் அவர் சொன்னதையே சொல்லத் தொடங்கிய பிறகுதான் தலைவர் பதவி வந்தது. அடுத்த பெண் தலைவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட். அதற்கு 1943 வரை ஆயிற்று.

இங்கிலாந்தில் பொது நுண்ணுயிரியல் சங்கம் 1945இல் அமைந்தபோது முதல் தலைவர் பென்சிலின் புகழ் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1947இல் அவருக்கு அடுத்து வந்தவர் மார்ஜரி ஸ்டீஃபன்சன். ராயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக்கிய 1945இல் சேர்க்கப்பட்ட இருவரில் ஒருவர். நெடுங்காலம் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்தவர். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழு உரிமையுள்ள பட்டம் தரத் தொடங்கியது 1948இல். ஸ்டீஃபன்சன் இறந்ததும் அந்த ஆண்டின் டிசம்பரில்.

இனி சென்னைக்கு வருவோம். நம் துறையின் வரலாற்றில் பெண்கள் செய்த ஆகப்பெரிய காரியம் இங்கேதான் நடந்தது. அதைச் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் இங்கேதான் தெரியும்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி. 1985 கடைசியில் அங்கே நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் சுனிதி சாலமன். அவரிடம் முதுநிலை படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. வயது 32, கிராமத்தில் வளர்ந்தவர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும். எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார் என்றார் சுனிதி. பம்பாயிலும் புனேயிலும் நூற்றுக்கணக்கில் சோதித்தும் ஒன்றும் அகப்படாத சமயம் அது. இந்தியாவில் அந்த நோய் வராது, அது மேல்நாட்டுச் சீர்கேடு என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. நிர்மலா தயங்கினார். எல்லாம் இல்லை என்றே வந்தால் ஆய்வேட்டில் எதை எழுதுவது? பேராசிரியர் விடவில்லை.

பாலியல் தொழில் செய்கிற பெண்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று நிர்மலாவுக்குத் தெரியாது. அரசு பொது மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த ஓரிருவரோடு பழகினார். அவர்களுடைய படிவங்களைப் பார்த்தபோது முகவரிக்கு நேரே பலரும் "வி. ஹோம்" என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தால் அது விஜிலன்ஸ் ஹோம். பிடிபட்டு, ஜாமீனுக்குப் பணமில்லாத பெண்களை அரசு அடைத்துவைக்கும் இல்லம். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் நிர்மலா அங்கே போனார். பஸ் காசை மிச்சப்படுத்தக் கணவர் ராமமூர்த்தி ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். மூன்று மாதத்தில் 80க்கு மேற்பட்ட ரத்த மாதிரிகள். கையுறை கிடையாது. சீரம் பிரிக்கக் கருவிகளைச் சுனிதி கடன் வாங்கினார். அவர் கணவர் விக்டர் சாலமன், இதய அறுவை மருத்துவர், சின்னதாக ஓர் ஆய்வகம் ஒட்டுப்போட உதவினார். மாதிரிகளைப் பத்திரமாக வைக்க இடமில்லை. நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். பிள்ளைகளுக்கான பாலும் அதில்தான் இருந்திருக்கும்.

எலைசா சோதனைக்குச் சென்னையில் வசதி இல்லாததால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஏற்பாடு செய்தார் சுனிதி. 1986 பிப்ரவரியில் ஓர் இரவு, நிர்மலாவும் கணவரும் மாதிரிகளோடு காட்பாடிக்கு ரயிலேறினார்கள். வைரஸ் ஆய்வகத்தின் தலைவர் ஜேக்கப் ஜான், தன் இளைய சகாக்களான ஜார்ஜ் பாபு, எரிக் சிமோயஸ் இருவரையும் உதவிக்கு விட்டார். தேநீர் இடைவேளை முடிந்து திரும்பி மூடியைத் திறந்தபோது ஆறு குழிகளில் மஞ்சள் நிறம் ஏறியிருந்தது. சந்தேகம் தீர அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, சிமோயஸ் அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதி செய்தார்கள். மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். நிர்மலாவும் சுனிதியும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

மறுஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. நாலு பக்கம். பெயர் வரிசையைப் பாருங்கள்: சிமோயஸ், பாபு, ஜான், அதன் பிறகு நிர்மலா, அதன் பிறகு சுனிதி. வேலூர்க்காரர்கள் மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. சோதனை அவர்களுடையது, அந்தத் திறமை அன்று அங்கேதான் இருந்தது. கேள்வியைக் கேட்டவரும், மூன்று மாதம் அந்த இல்லத்துப் படியேறியவரும் நான்காவதும் ஐந்தாவதுமாக வருவதைத் துறையில் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். நம் துறையில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும்தான் மதிப்பு. நடுவில் இருப்பவர்கள் அடுத்த கட்டுரையின் குறிப்பில் "முதலானோர்" ஆகிவிடுவார்கள். பதவி உயர்வும் பரிசும் சொற்பொழிவு அழைப்பும் அந்தக் குறிப்பிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. இன்னொன்றும் உண்டு. மருந்து கொடுப்பவரை ஊர் அறியும், மாநாட்டில் பேசுபவரைத் துறை அறியும். படிவத்தில் "வி. ஹோம்" என்பதைக் கவனித்து அது என்ன என்று கேட்ட கண்ணுக்கு எந்தச் சங்கத்தில் என்ன பரிசு இருக்கிறது?

1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துத் தேர்வானார் நிர்மலா. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசித் தயாரிப்புப் பிரிவில் சேர்ந்தார். 2010இல் ஓய்வு பெற்றார். தடுப்பூசி தயாரிப்பது சின்ன வேலை இல்லை. ஒரு தொகுதி கெட்டால் எத்தனை குழந்தைகள்! ஆனால் அந்த வேலையில் கட்டுரை கிடையாது, அதனால் மேடையும் கிடையாது. அவரை வெளியுலகம் பெரிதாகத் தேடி வந்தது 2016இல், கண்டுபிடிப்புக்கு முப்பது ஆண்டு ஆனபோது.

சுனிதி சாலமனின் பாதை வேறு. அவரையும் சும்மா விடவில்லை. மராட்டியக் குடும்பத்துப் பெண் வந்து தமிழ்நாட்டை அசிங்கப்படுத்துகிறாள் என்ற பேச்சைக் கேட்டார். 1993இல் தன் தந்தையின் பெயரில் ஒய்.ஆர். கெய்தொண்டே மையத்தைத் தொடங்கினார். மருத்துவமனைகள் தொட மறுத்த நோயாளிகளுக்கு அது சிகிச்சை இடமானது. உலகம் மதிக்கும் ஆராய்ச்சி மையமாகவும் வளர்ந்தது. 2015இல் இறந்தார், பத்மஸ்ரீ 2017இல், இறந்த பிறகு வந்தது. இருக்கிற நாற்காலிக்காகக் காத்திருக்காமல் சொந்தமாக ஒரு வீட்டையே கட்டிக்கொண்டவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் லண்டனிலும் சிகாகோவிலும் பயிற்சி பெற்ற பட்டறிவு, வசதியான தோல் வணிகக் குடும்பம், அறுவை மருத்துவக் கணவர், ஆங்கிலம் எல்லாம் அந்த வீட்டின் செங்கற்கள். தமிழில் மட்டுமே தயக்கமில்லாமல் பேசக்கூடிய, பஸ் காசை எண்ணிய மாணவியிடம் அந்தச் செங்கல் இல்லை. பெண்கள் என்று ஒரே சொல்லில் நாம் சொல்லும்போது இந்த இடைவெளி மறைந்துபோகிறது. சங்கங்களில் பெண் தலைவர்கள் வரும்போதும் பெரும்பாலும் இந்த முதல் வகைப் பெண்களே வருகிறார்கள் என்பது என் கணிப்பு.

இதற்கும் கீழே ஓர் அடுக்கு உண்டு. விஜிலன்ஸ் ஹோம் பெண்களிடம் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று தான் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒப்புதல் படிவம் யாரிடமும் வாங்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வெளியே போக முடியாத பெண்கள் கையை நீட்டினார்கள், ஆறு பேரின் ரத்தத்தால் ஒரு நாட்டின் மருத்துவ வரலாறு மாறியது, கட்டுரைத் தலைப்பில் அவர்கள் "விபச்சாரிகள்" ஆனார்கள். பின் வந்த ஆண்டுகளில் தொற்று இருப்பது தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் வழக்குப் போட்டார். 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது. அந்தக் கதவைத் திறக்க நுண்ணுயிரியலாளர் ஒருவர் தேவைப்படவில்லை என்பது நம் துறைக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

காலம் மாறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2019இல் வேலூர் கல்லூரியின் ககன்தீப் காங் ராயல் சொசைட்டியில் சேர்க்கப்பட்டார்; இந்தியாவில் பணியாற்றும் பெண்களில் அவரே முதல். அந்தக் கல்லூரி 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. நூறு வருஷம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் தாமல் ஊராட்சியில் இன்று பாதி இடம் பெண்களுக்கு. 2016இல் தமிழ்நாட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். மனைவிக்குப் பதில் கணவன் கையெழுத்துப் போடும் கதைகள் எனக்கும் தெரியும். ஆனாலும் ஓலையில் பெயர் எழுதியாகிவிட்டது. படித்தவர்களின் சங்கங்களுக்கு அப்படியொரு சட்டக் கட்டாயம் இல்லை. உத்திரமேரூரின் நல்ல விதிகளையாவது எடுத்துக்கொள்ளலாம்: பொறுப்பில் இருந்தவர் மூன்று ஆண்டு ஒதுங்கி இருக்கட்டும். தேர்தல் நடக்கும் மாநாட்டில் குழந்தை பார்க்க ஓர் அறை இருக்கட்டும். பரிசுக்குப் பெயர் கேட்கும்போது, மாதிரியை யார் சேகரித்தார் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கட்டும்.

2020இல் கொரோனா வந்தபோது கிங் இன்ஸ்டிடியூட் பெயர் தினமும் செய்தியில் வந்தது. ஆயிரக்கணக்கில் மாதிரிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. தொலைக்காட்சியில் முழுக் கவச உடைக்குள் தெரிந்தவர்களில் பலர் பெண்கள் என்பது குரலை வைத்துத்தான் தெரிந்தது. மாலையில் எண்ணிக்கையை அறிவித்தது அமைச்சரோ செயலாளரோ. நிர்மலா ஓய்வு பெற்று அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது.